வசாயின் வாரிசுகள்

வெளிமாநிலங்களில் குடியிருக்கும் தமிழர் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு சிறு சங்கடம் நேர்வதுண்டு. பிள்ளைகளின் பள்ளிப் படிவத்தில் 'சொந்த ஊர்' என்றொரு கட்டம் இருக்கும். தந்தை தம் ஊரின் பெயரை அதில் எழுதுவார். பிள்ளையோ அவ்வூரைக் கோடை விடுமுறையில் இரண்டொரு முறை கண்டிருக்கும். கல்யாண் நகரில் உள்ள எங்கள் இல்லத்திலும் இதுவே வழக்கம். பொறையாற்றை அடுத்த சிற்றூர் ஒன்றின் பெயரைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறோம்.

அண்மையில் எங்கள் மூத்த மகளைப் பள்ளியில் 'நம் ஊரின் வரலாறு' என்னும் பொருள் பற்றிக் கட்டுரை வரையப் பணித்திருந்தனர். "எந்த ஊரை எழுதுவது, அப்பா?" என்று கேட்டாள். "கல்யாணையே எழுது" என்றோம். "கல்யாண் நம் ஊரா?" என்று மீண்டும் கேட்டாள்.

இவ்வினாவிற்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. நாம் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறோம். ஒரு சொல்லுக்கு நேரான மறுசொல்லைத் தேடுவதே நாள்தோறும் நம் வேலை. ஆயினும் 'நம் ஊர்' என்ற இரு சொற்களுக்குப் பொருள் கூறத் தயங்கினோம். பதினெட்டு ஆண்டுகளாக மின்வண்டியில் மும்பைக்குச் சென்று திரும்புகிறோமே அல்லாமல், துர்காடிக் கோட்டையின் அடியில் ஓடும் ஆறு எங்கே சென்று முடிகிறது என்றுகூடச் சென்று பார்த்ததில்லை. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆற்றின் முடிவைக் காண்பது என்று முடிவு செய்தோம். மகளும், அவளுக்கு இளையவனான மகனும், அண்டை வீட்டு மராத்தியச் சிறுவனும் எங்களோடு புறப்பட்டனர்.

அந்த ஆற்றின் பெயர் உல்லாஸ். சஹ்யாத்திரி மலையில் தோன்றி, கர்ஜத், பத்லாபூர் முதலிய ஊர்களைக் கடந்து கல்யாணுக்கு வருகிறது. பின்னர்த் தாணே அருகே மேற்கு நோக்கித் திரும்பி, கோட்பந்தரைக் கடந்து, வசாய் என்னும் ஊரின் பக்கத்தில் அரபிக்கடலில் கலக்கிறது. அக்கழிமுகத்தில்தான் ஐரோப்பியர் எழுப்பிய ஒரு பழைய நகரம் பாழாகி நிற்கிறது. கடல் கடந்து ஐரோப்பா சென்று பழம்பதிகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஐரோப்பியப் பழம்பதி ஒன்று நம் வீட்டு ஆறு முடியும் இடத்திலேயே இருக்கிறது!

கல்யாணும் எளிய ஊர் அன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல் இதனைத் துறைமுகமாகக் குறிக்கிறது. சாஷ்டித் தீவிலுள்ள கன்ஹேரிக் குகைக் கல்வெட்டுகளில் கல்யாண் வணிகர் அளித்த கொடைகள் பதிவாகியுள்ளன. அக்கிரேக்க நூலே கமரா என்றொரு துறைமுகத்தையும் கூறுகிறது. அது காவிரிப்பூம்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதுவர். நம் பழைய ஊரின் பக்கத்துத் துறைமுகமும் நாம் குடியேறிய ஊரும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு நூலில் இடம்பெற்றுவிட்டன என்பதைக் கேட்டு எங்கள் மகள் வியந்தாள்.

கல்யாணிலிருந்து திவா சென்று, அங்கே வண்டி மாறி, பிவண்டி வழியாக வசாய் ரோடு நிலையத்தை அடைந்தோம். வழியில் ஒரு பாலத்தின் மேல் உல்லாஸ் நதியைக் கடந்தோம். மராத்தியர் இவ்வூரை 'வசயி' என்பர். அதனை விரைந்து கூறினால் தமிழில் 'வசை' ஆகிவிடுகிறதென்று எங்கள் மகன் சிரித்தான். போர்த்துக்கீசியர் 'பசாயிம்' என்றனர். ஆங்கிலேயர் அதனை 'பசீன்' ஆக்கினர்.

நிலையத்திலிருந்து கோட்டை சில கல் தொலைவில் உள்ளது. போகும் வழியில் பிள்ளைகளுக்கு அதன் தோற்றத்தைச் சுருக்கமாகக் கூறினோம். குஜராத்தை ஆண்ட சுல்தான் பகதூர் ஷா, வடக்கே முகலாய மன்னர் ஹுமாயூனின் படையெடுப்புக்கு அஞ்சியிருந்தார். கடலில் வலிமை பெற்றிருந்த போர்த்துக்கீசியரின் நட்பு அவருக்குத் தேவைப்பட்டது. அதற்கு விலையாக 1534ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வசாயையும் அதனைச் சார்ந்த நிலங்களையும் அவர்களுக்கு அளித்து உடன்படிக்கை செய்தார். அவ்வாறு 'சார்ந்த நிலங்கள்' என்ற பெயரில் கைமாறியவற்றுள் ஏழு சிறு தீவுகளும் இருந்தன. அவையே இன்றைய மும்பை.

"அப்படியானால் மும்பை வசாய்க்குக் கீழே இருந்ததா?" என்று வியந்து கேட்டான் மகன். ஆம், அதுவே உண்மை. ஏறத்தாழ 130 ஆண்டுகள் மும்பை வசாயைச் சார்ந்த ஒரு சிறு நிலமாகவே இருந்தது. டையூ, டாமன், வசாய், சௌல் ஆகிய ஊர்களைக் கொண்ட போர்த்துக்கீசரின் வட மாநிலத்திற்கு வசாயே தலைநகர். 1661ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டு இளவரசி காதரினுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும் திருமண உடன்படிக்கை ஏற்பட்டபோது, மும்பைத் தீவு சீதனமாக வழங்கப்பட்டது. வசாயிலும் கோவாவிலும் இருந்த போர்த்துக்கீசியர் அதனை விரும்பவில்லை. இழுபறிக்குப் பின் 1665இல்தான் ஆங்கிலேயர் தீவைப் பெற்றனர். 1668இல் மன்னர் அதனை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். சீதனமாகச் சென்ற சதுப்புத் தீவு பெருநகராயிற்று. சீதனம் அளித்த தலைநகர் காடாயிற்று.

கோட்டைக்குள் நுழைந்ததும் இக்கூற்று கண்கூடாகத் தெரிந்தது. நிலத்தை நோக்கி ஒரு வாயில், கடலை நோக்கி ஒரு வாயில். இரண்டிற்கும் இடையே ஒரு முழு நகரம். பனைகளும் ஆலம்விழுதுகளும் புதர்களும் மூடிக் கிடக்க, அவற்றினூடே கூரையற்ற தேவாலயங்கள் எழுந்து நின்றன. இந்நகரில் புனித சூசையப்பரின் பெருங்கோவில் இருந்தது. பிரான்சிஸ்கன், தொமினிக்கன், இயேசு சபைத் துறவியர் தனித்தனியே மடங்களும் கோவில்களும் கட்டியிருந்தனர். வசாயில் வெட்டியெடுத்த கருங்கல் கப்பலேறிக் கோவாவுக்கும் சென்றது. அங்கே புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள போம் ஜேசு பேராலயத்தின் முகப்பில் அக்கல்லைக் காணலாம்.

சூசையப்பர் கோவிலின் மணிக்கூண்டு இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அக்கோவில் 1601இல் புதுப்பிக்கப்பட்டதைக் கூறும் கல்வெட்டு ஒன்றும் உண்டு. கூண்டினுள்ளே சுருளாகச் செல்லும் ஒடுங்கிய படிகளில் பிள்ளைகள் ஏறினர். மேலே சென்றதும் எங்கள் மகன் அண்ணாந்து பார்த்து, "அப்பா, மணி எங்கே?" என்றான்.

இதற்கு விடை கூற, 1739ஆம் ஆண்டின் வரலாற்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. பேஷ்வா முதலாம் பாஜிராவின் இளவல் சிமாஜி அப்பா பெரும்படையுடன் வந்து வசாயை முற்றுகையிட்டார். முற்றுகை பிப்ரவரியில் தொடங்கி மே மாதம் வரை நீடித்தது. மராட்டியர் மதில்களின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். இரு தரப்பிலும் பெருந்தொகையினர் மாண்டனர். இறுதியில் போர்த்துக்கீசியர் பணிந்தனர். வென்றவர், தோற்றவர்களைச் சிறைபிடிக்கவில்லை. படைக்கலங்களுடனும் குடும்பங்களுடனும் மரியாதையாக வெளியேற ஒரு வார காலம் தந்தனர். தங்க விரும்பிய கிறித்தவர் தம் சமயத்தைப் பின்பற்றலாம் என்ற உறுதியும் உடன்படிக்கையில் இருந்தது. கோவில் மணிகள் வெற்றிச் சின்னங்களாக எடுத்துச் செல்லப்பட்டன. நாசிக்கில் கோதாவரிக் கரையிலுள்ள நாரோசங்கர் கோவிலிலும், வாயி நகரை அடுத்த மேணவலியிலும், பன்னிரு ஜோதிர்லிங்கங்களுள் ஒன்றான பீமாசங்கரத்திலும் அவ்வாறு வந்த மணிகள் தொங்குகின்றன.

இதுவரை அமைதியாயிருந்த மராத்தியச் சிறுவன் துள்ளியெழுந்தான். "பீமாசங்கரத்து மணியை நான் பார்த்திருக்கிறேன், காகா! அதில் 1729 என்று எழுதியிருக்கிறது. கோவிலுக்கு ஏன் இங்கிலீஷ் எண் போட்டார்கள் என்று அப்போது கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை" என்றான். பிறகு வெறுமையான கூண்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பல ஆண்டுகளாகத் தன் மனத்தில் இருந்த ஒரு கேள்விக்கு அவன் அன்று விடை கண்டான்.

எங்கள் மகளின் வினா வேறு வகையில் இருந்தது. "ஒரு கோவிலின் மணியை எடுத்துச் சென்றது சரியா?" என்றாள். பிள்ளைகளுடன் பழம்பதி காணச் செல்வோர் இத்தகைய வினாக்களுக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வரலாற்றை ஒரு தரப்பாகக் கூறி அவர்களை மகிழ்விப்பது எளிது. நாங்கள் அவ்வாறு செய்யவில்லை. போர்த்துக்கீசியர் ஆட்சியில் இப்பகுதியின் பழைய கோவில்கள் பல இடிக்கப்பட்டன என்பதையும், 1560இல் கோவாவில் ஏற்பட்ட சமய விசாரணை மன்றத்தின் கை வசாய் வரை நீண்டது என்பதையும் கூறினோம். அவர்களின் நகரம் அழகியது. அவ்வழகுக்கு இந்நாட்டு மக்கள் கொடுத்த விலையும் பெரிது. இரண்டும் மெய்யே. மணியின் செய்தியும் அத்தகையதே. அது போரில் கொள்ளப்பட்ட பொருள். ஆயினும் உருக்கிப் பீரங்கி வார்க்காமல் கோவில் வாயிலில் கட்டியதால், அது இன்றளவும் மணியாகவே ஒலிக்கிறது. மகள் இவ்விடையில் முழு நிறைவு கொண்டதாகத் தெரியவில்லை. நிறைவு கொள்ளாததே நன்று என்று எண்ணினோம்.

பிறகு பிரான்சிஸ்கன் துறவியரின் பாழடைந்த கோவிலுக்குச் சென்றோம். அதன் தரை முழுவதும் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. குலச்சின்னங்களும் இலத்தீன் எழுத்துகளும் காலடித் தேய்வில் மங்கியிருந்தன. போர்த்துக்கீசக் கல்லறைகளில் பெருவழக்காக வரும் ஒரு வாசகம் உண்டு. 'இது இன்னாருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரிய கல்லறை' என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்பில் இதைவிட எளிய வாக்கியம் இல்லை. அதனைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "வாரிசுகள் வந்தார்களா?" என்று மகன் கேட்டான். பெரும்பாலோர் வரவில்லை. 1739இல் கப்பலேறிச் சென்றவர்களின் மக்கள் கோவாவிலோ கடல் கடந்தோ அடங்கினர். தம் வழித்தோன்றல்கள் என்றென்றும் இங்கேயே வாழ்வர் என்று நம்பியே அக்கற்களை அவர்கள் செதுக்கியிருத்தல் வேண்டும்.

அதன்பின் வசாயின் கதை விரைவில் முடிகிறது. 1780இல் ஆங்கிலத் தளபதி காடர்ட் இக்கோட்டையைப் பிடித்தார். 1782ஆம் ஆண்டின் சால்பாய் உடன்படிக்கைப்படி அது மராட்டியருக்குத் திரும்பியது. 1802ஆம் ஆண்டின் கடைசி நாளில், பகைவருக்கு அஞ்சி இங்கு வந்து தங்கியிருந்த பேஷ்வா இரண்டாம் பாஜிராவ், ஆங்கிலேயரின் படைக்காவலை ஏற்று வசாயில் ஓர் உடன்படிக்கை செய்தார். மராட்டியப் பேரரசின் வீழ்ச்சிக்கு அதுவே வழி வகுத்தது. 1818இல் பேஷ்வா ஆட்சி மறைந்தது. வேறொருவர் படையை நம்பித் தம் நிலத்தைக் கொடுத்த பகதூர் ஷாவின் பிழை, அதே ஊரில், 268 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நிகழ்ந்தது என்பதை நாம் கருத வேண்டும்.

நண்பகலில் கோட்டைக்கு வெளியே ஒரு சிறு கடையில் வடா பாவ் வாங்கி உண்டோம். அவ்வுணவே ஒரு வரலாற்றுப் பாடம் ஆயிற்று. 'பாவ்' என்பது ரொட்டியைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல். உள்ளே வைக்கும் உருளைக்கிழங்கை மராத்தியில் 'பட்டாட்டா' என்பர்; அதுவும் போர்த்துக்கீசியர் தந்த சொல்லே. மிளகாயோ அவர்கள் கப்பலில் அமெரிக்காவிலிருந்து வந்தது. நாம் நம் மிளகை நினைந்து அதற்குப் பெயர் வைத்தோம். 'வடா' ஒன்றுதான் நம் வடைக்கு உறவு! "இன்னும் சொற்கள் உண்டா?" என்று பிள்ளைகள் கேட்கவே, ஒரு விளையாட்டுத் தொடங்கியது. ஜன்னல், அலமாரி, மேசை, மேஸ்திரி என்று நாங்கள் தமிழில் கூற, மராத்தியச் சிறுவன் தன் மொழியில் தேடினான். தன் தந்தை வாங்கும் 'பகார்', அதாவது சம்பளம், அவ்வாறு வந்த சொல் என்றறிந்து பெரிதும் நகைத்தான். வீட்டைப் பூட்டும் 'சாவி' மட்டும் இரு மொழிகளிலும் ஒன்றாகவே இருந்தது.

மாலையில் கோட்டையை அடுத்த கில்லா பந்தர் என்னும் செம்படவர் குடியிருப்பின் பக்கம் சென்றோம். மூங்கில் கழிகளில் பொம்பில் மீன்கள் வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன. அந்நாற்றத்தில் எங்கள் மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். மராத்தியச் சிறுவன் மட்டும் அது பசியைத் தூண்டும் மணம் என்றான். இவ்வட்டாரத்துக் கிறித்தவருள் ஒரு பிரிவினர் சாம்வேதி என்ற தனி வழக்கைப் பேசுகின்றனர். அது மராத்தியோடும் கொங்கணியோடும் உறவுடையது. போர்த்துக்கீசச் சொற்கள் சிலவும் அதில் கலந்துள்ளன. அவர்கள் வாழைத்தோட்டம் வைத்து, 'சுகேளி' என்னும் உலர்ந்த வாழைப்பழம் செய்கின்றனர். இவ்வூரில் பிறந்த கொன்சாலோ கார்சியா என்னும் துறவி 1597இல் ஜப்பானின் நாகசாகியில் சிலுவையில் உயிர்நீத்தார். 1862இல் புனிதராக உயர்த்தப்பட்டார். இந்தியாவில் பிறந்து அப்பட்டம் பெற்றவருள் முதல்வர் அவரே. கோட்டை பாழானது, ஊர் பாழாகவில்லை. மதிலுக்கு உரியவர் சென்றுவிட்டனர். மண்ணை உழுதவரும் வலை வீசியவரும் இருக்கின்றனர்.

கடல் வாயிலின் அருகே படகுத்துறையில் அமர்ந்து, கழிமுகத்தை நோக்கியிருந்தோம். இந்நீரே நேற்றோ முன்தினமோ கல்யாணைக் கடந்து வந்தது. 1657இல் சிவாஜி கல்யாணையும் பிவண்டியையும் கைப்பற்றிக் கப்பல் கட்டத் தொடங்கியபோது, போர்த்துக்கீசக் கப்பல் தச்சர்களும் அவரிடம் கூலிக்கு வேலை செய்தனர். அக்கப்பல்கள் நாளை எங்கே திரும்பும் என்றறிந்த வசாய் அதிகாரிகள் அவர்களைத் திரும்ப வரவழைத்துக்கொண்டனர். அத்தச்சர்கள் இக்கழியின் வழியாகவே வந்திருப்பர். பிழைப்புத் தேடி ஆற்றின் மேல் சென்றவர் அவர்கள். பிழைப்புத் தேடி இருப்புப் பாதையில் வந்தவர் நாம்.

அப்போதுதான் நம் இளமை நினைவு வந்தது. பொறையாற்றை அடுத்துத் தரங்கம்பாடி. அங்கே டேனியர் 1620இல், தஞ்சை நாயக்கர் இரகுநாதரின் இசைவு பெற்று எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை உண்டு. அதன் மதில்மேல் நாம் ஓடி விளையாடியிருக்கிறோம். 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715இல் அச்சிட்டு முடித்தார். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அவர் ஒரு முன்னோடி அல்லரோ? ஆயினும் அந்நாளில் அதனை நமக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பிறந்த ஊரிலேயே நாம் அயலாராக இருந்திருக்கிறோம். ஓரிடத்தில் பிறப்பதாலோ பல ஆண்டு வாழ்வதாலோ மட்டும் அது நம் ஊர் ஆகிவிடுவதில்லை போலும்.

இதனைப் படிக்கும் அன்பர்கள் பல மாநிலங்களில் வாழ்கின்றீர்கள். உங்களுக்கு அருகிலும் இத்தகைய பதிகள் இருக்கலாம். கொல்கத்தாவில் வாழ்வோர் ஹூக்ளி நதிக்கரையில் டேனியரின் சீராம்பூரையும், பிரெஞ்சுக்காரரின் சந்தன்நகரையும், டச்சுக்காரரின் சின்சுராவையும் காணலாம். சீராம்பூரும் தரங்கம்பாடியும் 1845இல் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டவை. குஜராத்தில் வாழ்வோருக்கு டையூவும், கேரளத்தில் வாழ்வோருக்குக் கொச்சியும் உண்டு. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். முடிந்தால் அண்டை வீட்டுப் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் பிள்ளைகள் அறியாததை அது அறிந்திருக்கும். கற்களின் மேல் பெயரைக் கீறவேண்டாவென்றும், பாழடைந்த மாடிகளில் தனியே ஏறவேண்டாவென்றும் முன்னரே சொல்லிவையுங்கள். தண்ணீரும் உணவும் போதிய அளவு கொண்டு செல்லுங்கள்.

இரவு வண்டியில் மகன் உறங்கிவிட்டான். மகள் தன் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு வந்தாள். மறுநாள் அக்கட்டுரையை எங்களிடம் காட்டினாள். அது கல்யாணைப் பற்றியது. 'எங்கள் ஊரின் ஆறு வசாயில் கடலில் கலக்கிறது' என்று தொடங்கியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு சொல்லை அடித்து, மேலே வேறொன்று எழுதியிருந்தாள். உற்றுப் பார்த்தோம். முதலில் 'கல்யாண்' என்று எழுதி, அதனை நீக்கி, 'எங்கள் ஊர்' என்று மாற்றியிருந்தாள். அத்திருத்தம் சரியா என்று எங்களைக் கேட்டாள். சரியே என்று கையொப்பம் இட்டுக் கொடுத்தோம்.